மலை ஏறும் நாள் வேறு, வண்டி ஓட்டும் நாள் வேறு

தொடர் விடுமுறை வந்தால் ஆரணி, போளூர் பக்கத்துச் சாலைகளில் வெளியூர் பைக்குகள் கூடிவிடுகின்றன. பலரும் போடும் திட்டம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்ததும் சென்னையிலிருந்து கிளம்புவார்கள். விடிவதற்குள் பர்வதமலை அடிவாரம் சேர்ந்து, அப்படியே ஏறிவிடுவார்கள். மதியத்துக்கு மேல் இறங்கி, சாப்பிட்ட கையோடு வண்டியை எடுத்து இரவுக்குள் வீடு திரும்புவார்கள். மீதி இரண்டு நாள் வீட்டில் படுத்திருப்பார்கள்.

மூன்று நாள் விடுமுறையில் செய்யவேண்டியதை ஒரே நாளில் அடைத்துவிடும் இந்தத் திட்டம் மிக ஆபத்தானது. மலையைவிட அதில் பெரிய ஆபத்து, இறங்கிய பிறகு வண்டியில் வரும் அந்த நாலைந்து மணி நேரம். அதே விடுமுறையை ஆரணியில் தங்கி எப்படிப் பிரித்துக்கொள்ளலாம், வண்டியையும் உடம்பையும் எப்படித் தயார் செய்யலாம், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம். பைக் பயணத்துக்கும் மலையேற்றத்துக்கும் புதியவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

ஒரே நாளில் ஏன் கூடாது?

முதல் காரணம் தூக்கம். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் கண் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்துழைப்பு, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 50 மில்லி கிராம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்றது அது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லி கிராம்தான். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கே அந்த 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். அதற்குப் பிறகு இரவெல்லாம் ஓட்டி, காலையில் ஏறி, மறுபடி ஓட்டுபவரின் நிலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரு சொட்டு மது தொடாதவர்கூட இந்த நிலைக்கு வந்துவிடுகிறார்.

இரண்டாவது காரணம் தொடைத் தசை. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறோம். உடம்புக்கு அடி விழுவது இறங்கும்போதுதான். ஒவ்வொரு படியிலும் முழு எடையையும் தாங்கிக்கொண்டே தொடைத் தசை நீள்கிறது. அப்படி நீளும்போது தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. இறங்கி முடித்ததும் கால் நடுங்குவது இதனால்தான். பின் பிரேக்கை மிதிக்கும் கால் அது. சிக்னலில் ஊன்றி வண்டியின் எடையைத் தாங்கும் கால் அது. வலி உடனே தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்குப் போகும். ஆனால் பலம் குறைவது இறங்கிய அந்த நிமிடமே தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது, நீர் வற்றிய உடம்பு. நான்கைந்து மணி நேரம் வியர்வை கொட்டிய பிறகு ஹெல்மெட்டுக்குள் வெயிலில் ஓட்டினால் தலைவலியும் கண் மங்கலும் வரும். மதியச் சாப்பாடும் சேர்ந்தால் கண் தானாகச் சொருகும்.

அதனால் முதல் விதி இதுதான்: ஏறுகிற நாளில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், நெடுந்தூரம் ஓட்டுகிற நாளில் பெரிய மலை ஏறாதீர்கள்.

ஆரணியில் ஏன் தங்கவேண்டும்?

சென்னையிலிருந்து ஆரணி சுமார் 140 கிலோ மீட்டர். காஞ்சிபுரம், செய்யாறு வழியாகவும் வரலாம், வாலாஜா, ஆற்காடு வழியாகவும் வரலாம். காலையில் கிளம்பினால் இடையில் டிபனுக்கு நிறுத்தியும் மதியத்துக்குள் வந்துவிடலாம். இங்கிருந்து வேலூர் 40 கிலோ மீட்டருக்குள், போளூர் ஏறக்குறைய 30, திருவண்ணாமலை சுமார் 60. சமண மலையான திருமலை, சம்புவராய அரசர்களின் தலைநகராக இருந்த படவேடு, பர்வதமலை, ஜவ்வாது மலை எல்லாமே இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன.

ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையிலிருந்து வருவது. மலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். ஆரணியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழை ஓடைகளில் திடீரென்று இறங்கி வரும். தரைப்பாலத்தில் முழங்கால் அளவு நீர் ஓடினாலும் பைக்கை இறக்கக்கூடாது. நீர் வடியும்வரை காத்திருங்கள்.

ஆரணி பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அரிசி மண்டிகளும் ஆலைகளும் ஆரணியிலும் அடுத்துள்ள களம்பூரிலும் நிறைய. ஆரணி ரோடு என்ற பெயரில் உள்ள ரயில் நிலையம் இருப்பதும் களம்பூரில்தான். ஆகவே லாரிப் போக்குவரத்து அதிகம். அறுவடைக் காலத்தில் சுற்றுக் கிராமங்களில் நெல்லையும் கேழ்வரகையும் தார்ச்சாலையிலேயே காயவைப்பார்கள், வண்டிகள் ஏறிப் போகட்டும் என்று கதிரைப் பரப்பியும் வைப்பார்கள். காருக்கு அது ஒன்றுமில்லை. பைக்குக்கு வைக்கோலும் தானியமும் மணல் மாதிரி வழுக்கும். தூரத்தில் கண்டதுமே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடவேண்டும்.

நெசவாளர் தெருக்களுக்குள் போனால் இன்னும் கவனம் வேண்டும். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள். இடையிடையே கழிகள் கொடுத்து இழைகளைப் பிரித்து வைத்து, வீட்டுப் பெண்களும் ஆண்களும் இரு பக்கமும் நின்று அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள் தரைக்கு மேலே இடுப்புயரத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறுவதற்குள் சுருட்டித் தறிக்குக் கொண்டுபோக வேண்டிய வேலை அது. அந்தத் தெருவில் இன்ஜினை அணைத்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. உங்கள் வண்டியின் புழுதி படிந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம்.

முதல் நாள்: பயணமும் சின்ன மலையும்

காலையில் ஓட்டி வந்து, மதியம் சாப்பிட்டு ஓய்வெடுத்து, வெயில் தாழ்ந்த பிறகு திருமலைக்குப் போகலாம். ஆரணிக்கும் போளூருக்கும் நடுவே, வடமாதிமங்கலம் பக்கம் இருக்கிறது. பாறை மலை, படி வசதி உண்டு, ஏறி இறங்க அதிக நேரம் ஆகாது. நாளைய ஏற்றத்துக்கு உங்கள் மூச்சும் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று சோதித்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. இங்கேயே கால் பிடித்துக்கொண்டால் நாளைக்குப் பர்வதமலையை விட்டுவிட்டு வேறு சின்ன மலையைத் தேர்ந்துகொள்ளலாம்.

பார்க்கவும் நிறைய இருக்கிறது. பாறையில் செதுக்கிய நேமிநாதர் சிலை 16 மீட்டர் உயரம். தமிழ்நாட்டுச் சமணச் சிற்பங்களில் இதுவே மிக உயரமானது. உள்ளூரில் சிகாமணிநாதர் என்கிறார்கள். ராஜராஜனின் அக்கா குந்தவையின் பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயம் இங்கே இருக்கிறது. இயற்கைக் குகையை அறைகளாகப் பிரித்து அவற்றில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். ராஜேந்திர சோழனின் வடநாட்டு வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் இந்த மலையில்தான் இருக்கிறது. ஓவியத்தில் கைபடக்கூடாது, பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக்கூடாது. இது இன்றும் வழிபாடு நடக்கும் இடம். மடமும் உண்டு. அசைவ உணவைக் கொண்டுபோகாதீர்கள்.

இருட்டுவதற்குள் திரும்பி, எட்டு மணிக்குள் சாப்பிட்டு, ஒன்பதுக்குப் படுத்துவிடுங்கள். நாளைக் காலை ஆரணியிலிருந்து ஓட்டுவது சிரமம் என்று தோன்றினால் போளூரிலேயே அறை எடுத்துத் தங்கலாம். அங்கிருந்து மலை அடிவாரம் இன்னும் பக்கம்.

இரண்டாம் நாள்: பர்வதமலை

போளூருக்குத் தெற்கே தென்மாதிமங்கலம் பக்கமிருந்து ஒரு பாதை, கடலாடி பக்கமிருந்து இன்னொரு பாதை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,500 அடி உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். பக்தர்கள் தாங்களே சிவலிங்கத்துக்குப் பூசை செய்யலாம் என்பது இந்தக் கோயிலின் தனிச் சிறப்பு. பௌர்ணமி இரவில் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள்.

அடிவாரத்தில் பச்சையம்மன், வீரபத்திரர் கோயில்களைத் தாண்டியதும் கல் படிக்கட்டுகள் தொடங்கும். படி முடிந்ததும் வேரும் உருண்டைக் கல்லுமான காட்டுப்பாதை. கடைசிப் பகுதிதான் கடினம். செங்குத்தான பாறையில் இரும்புக் கடப்பாரைகளை அடித்து இறக்கி, அவற்றையே படியாக வைத்திருக்கிறார்கள். கடப்பாரைப் படி என்று அதற்குப் பேர். பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி. பல தலைமுறைக் கைகள் பட்டு அந்த இரும்பு வழவழப்பாகிவிட்டது. வெயில் ஏறினால் கை வைக்க முடியாதபடி சுடும், மழை பெய்தால் வழுக்கும். இங்கே மூன்று பிடி விதியைக் கடைப்பிடியுங்கள்: இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் எப்போதும் மூன்று பாறையிலோ இரும்பிலோ ஊன்றியிருக்கவேண்டும், ஒன்றை மட்டுமே நகர்த்தவேண்டும். செல்போன் ஜிப் போட்ட பையில் இருக்கட்டும். இங்கே செல்பி எடுக்க நின்றால் பின்னால் வருகிறவர் கடப்பாரைமேல் தொங்கிக்கொண்டு நிற்கவேண்டியிருக்கும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்னது: சமதூரத்துக்கு 5 கிலோ மீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது குளிர் நாட்டில், பழகிய கால்களுக்குச் சொன்ன கணக்கு. நம் வெயிலுக்கும் புதியவருக்கும் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஏற நான்கு மணி நேரம், இறங்க மூன்று, மேலே ஒரு மணி நேரம் என்று வைத்தால் எட்டு மணி நேரம். காலை 6 மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் 2 மணிக்கு அடிவாரம். 10:30 மணி ஆகியும் உச்சி வரவில்லை என்றால் அந்த இடத்திலிருந்தே திரும்பிவிடுங்கள். எங்கிருந்து திரும்புவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கீழேயே பேசி முடிவுசெய்துவிட வேண்டும். மேலே போனபின் ஆசை முடிவுசெய்ய விடாது.

இந்த மலைக்கு வழிகாட்டும் நூல் நமக்குச் சங்க காலத்திலேயே கிடைத்துவிட்டது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்லும் ஆற்றுப்படை. செங்கண்மா இன்றைய செங்கம். அதில் வரும் நவிரமலை பர்வதமலைதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பெருங்கௌசிகனார் அதில் சொல்லும் எச்சரிக்கைகள் இன்றும் அப்படியே செல்லும். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடத்தில் விடிந்த பிறகு நடக்கச் சொல்கிறார். குறுகலான, வழுக்கலான இடங்களில் ஒருவர்பின் ஒருவராகப் பார்த்துப் போகச் சொல்கிறார். வழி தவறினால் அலையாமல் கருவிகளை இசைத்து ஒலி எழுப்புங்கள், காட்டைக் காக்கும் கானவர் வந்து வழிகாட்டுவார்கள் என்கிறார்.

இன்றைய மலையேற்றப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இவைதான். இருட்டில் நடக்காதே, வரிசையை விட்டு விலகாதே, வழி தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று சத்தம் கொடு. பையில் ஒரு விசில் வைத்துக்கொள்ளுங்கள். தொண்டை வறண்டுபோனாலும் விசில் ஊத முடியும், காட்டில் குரலைவிடத் தூரம் கேட்கும். ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதுவது மலையேறிகளிடம் பழக்கத்தில் உள்ள உதவி அழைப்பு.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். மேலே கிடைக்கும் என்று நம்பி ஏறக்கூடாது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாது. ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு, கடலை மிட்டாய், பேரீச்சை போதும். கையில் தின்பண்டத்தை ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கும். பாறை இடுக்கில் மலைத்தேன் கூடு தெரிந்தால் புகையோ கற்பூரமோ சத்தமோ வேண்டாம்.

இறங்கிய பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் நிழலில் உட்காருங்கள். சாப்பிட்டு, கால் நீட்டிப் படுத்து எழுந்து, மெதுவாக அறைக்கு மட்டும் ஓட்டிப் போங்கள். அந்த நாள் அத்துடன் முடியட்டும்.

மூன்றாம் நாள், நான்காம் நாள்

விடுமுறை மூன்று நாள் என்றால் மூன்றாம் நாள் திரும்பும் நாள். தொடை வலிக்கும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். வழியில் ஆரணியில் பட்டு எடுப்பதானால் தறி போட்டிருக்கும் வீட்டிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்டு வாங்குங்கள்.

பொங்கல்போல நான்கு நாள் கிடைத்தால் நடுவில் ஒரு நாளை ஜவ்வாது மலைக்குக் கொடுக்கலாம். அன்று காலுக்கு ஓய்வு, வண்டிக்கு வேலை. போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு மலைச்சாலை ஏறுகிறது. பீமன் அருவி, கோலப்பன் ஏரி பார்க்கலாம். அங்கிருந்து காவலூர் போனால் வைணு பாப்பு வானாய்வகம். 1986இல் திறந்துவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. ஊர் வெளிச்சம் எட்டாத காடு என்பதும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். பார்வையாளர் நேரத்தை முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஜவ்வாது மலை மலையாளி பழங்குடி மக்களின் ஊர். சாமை, தேன், புளி, பலா அவர்கள் வாழ்வாதாரம். சாமையையும் தேனையும் அவர்களிடமே வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்கினால் அந்தப் பணம் முழுதாக மலையிலேயே தங்கும்.

பெரிய மலையே வேண்டாம், பழைய ஊர் பார்க்கவேண்டும் என்பவர்களுக்குப் படவேடு இருக்கிறது. சந்தவாசலிலிருந்து திரும்பினால் ரேணுகாம்பாள் கோயில், அதைச் சுற்றிச் சம்புவராயர் தலைநகரின் எச்சங்கள், ராஜகம்பீரன் மலை, செண்பகத்தோப்பு அணை. ஆடி வெள்ளிகளில் மட்டும் கூட்டம் தாங்காது.

வண்டி எப்படி இருக்கவேண்டும்?

இந்தப் பயணத்துக்கு 100 சிசி வண்டியே போதும். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், செயின் தளர்ச்சி, டயர் தேய்மானம் ஆகிய நான்கையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முதல் நாள் மாலை சர்வீஸ் விட்டுக் காலையில் கிளம்பினால் எது தளர்வாக இருக்கிறது என்று வழியில்தான் தெரியும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். ஹெல்மெட் இருவருக்கும் சட்டப்படி கட்டாயம்.

பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். மலை ஏறுவதற்கு முன்பே தோள் சோர்ந்துவிடும். சீட்டின் பின்பகுதியில் தாழ்வாகக் கட்டி, கயிற்றின் நுனி சக்கரத்துக்குள் போகாதபடி சொருகுங்கள். மலைக்கு முன் போளூரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மலைச்சாலையில் பலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறார்கள். இன்ஜின் பிடிப்பு போய், முழுப் பாரமும் பிரேக்மேல் விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது அப்படித்தான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, உங்கள் பக்கத்திலேயே வளையுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது விதி. பேருந்து வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். அதற்கு முன்பே நின்றுவிடுங்கள்.

எப்போது போகலாம்?

பொங்கலும் குடியரசு நாளும் மிகப் பொருத்தம். மழை முடிந்து ஓடைகளில் நீர் இருக்கும், வெயில் தாங்கும். காலைப் பனிமூட்டம் மட்டும் உண்டு. ஆயுத பூஜை விடுமுறை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் வரும். வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. விடுமுறையோடு பௌர்ணமி சேர்ந்தால் திருவண்ணாமலைக் கிரிவலக் கூட்டத்தால் சாலைகள் நெரியும். மார்ச் முதல் மே வரை வேண்டாம். வெயில் ஒன்று, காட்டுத்தீ இன்னொன்று.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை வகுத்து, வழிகாட்டிகளுடன் அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். பர்வதமலையிலும் ஏறும் நேரத்துக்கு வனத்துறை கட்டுப்பாடு விதிப்பதுண்டு. அடிவாரத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள். திருப்பி அனுப்பினால் வாதாடாதீர்கள். மேலே ஒருவர் விழுந்தால் தூக்கி இறக்குவது அந்த வனக் காவலர்களும் அடிவாரத்து ஊர்க்காரர்களும்தான்.

கொண்டுபோன பாட்டிலும் கவரும் உங்களோடே இறங்கி வரட்டும். காட்டில் அடுப்பு மூட்டாதீர்கள், மது கொண்டுபோகாதீர்கள். கிளம்பும் முன் எந்த மலை, யார் யார், எப்போது இறங்குவோம் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். அவசரத்துக்கு 108, 112 இரண்டும் நினைவில் இருக்கட்டும்.

நண்பர்கள் குழுவில் அடுத்த விடுமுறைத் திட்டம் பேசும்போது, இறங்கிய அன்று இரவு எங்கே தூங்குவது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அந்த அறையைப் பதிவு செய்த பிறகு மலையைத் தேர்ந்தெடுங்கள். அறைக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு என்று யாராவது சொன்னால், அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.